மழை விட்டுச்சென்ற சூடு

ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி, மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள செங்கலடியில் முடிகிறது. நடுவில் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை. பதுளையில் அதை விட்டுவிட்டு வடக்கே மகியங்கனைக்கு இறங்கினால், கண்டிக்குத் திரும்பி வர ஏ26 இருக்கிறது. பதினெட்டு வளைவு என்று நாடே அறிந்த ஏற்றம் அந்த வீதியில்தான். மொத்தச் சுற்று இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். விடியுமுன் கண்டியில் வேன் ஏறினால், இடையில் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் நிறுத்தி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். நுவரெலியா வரை போய் அதே வழியில் திரும்புகிறவர்கள் இந்த மலையின் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி.

போவதென்றால் ஜூலையில் போக வேண்டும். ஊர் சுற்றுகிறவர்கள் ஏப்ரலைச் சொல்வார்கள். நுவரெலியாவில் பூவும் குதிரைப் பந்தயமுமாகக் கொண்டாட்டம் நடக்கும் மாதம் அது. இயற்பியலுக்கு ஜூலைதான் வசதி. தென்மேற்குப் பருவக்காற்று நன்றாக ஊன்றி வீசும் காலம். காலையில் இறம்பொடையில் வைப்பரை நிறுத்த முடியாது. அதே நாள் பிற்பகல் மகியங்கனையில் தெருப்புழுதி கண்ணில் அடிக்கும், வெப்பமானி 34, 35 பாகையில் நிற்கும். இரண்டு இடத்திலும் வீசுவது ஒரே காற்று.

மழை மறைவுப் பிரதேசம் என்று இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்றில் கிழக்குச் சரிவுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது பாடம். அது வறட்சிக்குக் காரணம் சொல்கிறது. வெக்கைக்குச் சொல்லவில்லை. ஜூலைப் பகலில் கொழும்பில் 30 பாகை இருந்தால், மகியங்கனையில் அதைவிட நாலைந்து பாகை கூடுதல். இரண்டும் தாழ்ந்த இடங்கள்தாம். மகியங்கனை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர்தான். குளிர்ந்த மலையைத் தாண்டி வந்த காற்று, புறப்பட்ட இடத்தைவிட எப்படிச் சூடாக வந்து சேருகிறது?

கம்பளை வரை விடை தேட வேண்டியதில்லை. கண்டியைப் போலவே அதுவும் சுமார் 500 மீற்றர் உயரத்தில் மகாவலியை ஒட்டிக் கிடக்கிறது. புசல்லாவை ஏற்றத்தில்தான் வேனுக்குள் முதல் அறிகுறி தெரியும். முன்னிருக்கையில் கிடக்கும் மிக்சர் பைக்கற்று உப்பத் தொடங்கும், காது அடைக்கும். வெளியே காற்றின் அமுக்கம் குறைகிறது. நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது கடற்கரையில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு அமுக்கம் போயிருக்கும். தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சின் மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

மலையேறும் காற்றுக்கும் பைக்கற்றுக்கு நேர்வதே நேர்கிறது, அது விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியிருக்கும் காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலை வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை, தன் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதன் மறுதலை இது. ஈரம் துளியாக ஒடுங்காதவரை, ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கும் காற்று ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. இறங்கினால் அதே கணக்கில் சூடாகிறது. ஏறி இறங்கினால் வரவும் செலவும் சரி. இவ்வளவுதான் விஷயமென்றால் மகியங்கனைக் காற்றும் கொழும்புக் காற்றும் ஒரே சூட்டில் இருந்திருக்க வேண்டும். கணக்கைக் குலைப்பது இறம்பொடை.

புசல்லாவையைத் தாண்டியதும் வலப்பக்கம் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். 87 மீற்றர் உயர அணை, 1985இல் முடிந்தது. அதன் பின் வீதி இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலையும் 109 மீற்றர் அருவியையும் கடந்து மலையின் நெஞ்சில் நேராக ஏறுகிறது. தொடர்ந்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கிவரும் வேனிடம் ஒரு பையன் பூங்கொத்து நீட்டுவான். வாங்கவில்லை என்றால் சரிவில் குறுக்கே பாய்ந்து ஓடி, அடுத்த வளைவில் அதே பூவோடு சிரித்துக்கொண்டு நிற்பான். அதற்கும் அடுத்த வளைவில் இன்னொரு தரம். மூன்றாம் தரம் மனம் இளகிவிடும், அவனுக்கும் அது தெரியும்.

பையனின் வித்தை முழுக்க வடிவகணிதம். சரிவு இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறுகிறது, வீதி பதினைந்துக்கு ஒன்று ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீற்றர் இறங்க வேனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் ஓட வேண்டும். பையனுக்கு 225 மீற்றர் போதும். மணிக்கு 25 கிலோமீற்றரில் ஊர்ந்து வரும் வேனுக்கு அதற்கு மூன்றரை நிமிடம் பிடிக்கும். நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டே அவன் முந்தலாம். கோப்பிக் காலத்தில் இந்த மலைகளில் பாதை வெட்டியவர்கள், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள், பாரவண்டி இழுக்கும் மாட்டின் வலுவுக்கு ஏற்றபடிதான் சரிவைத் தேர்ந்தார்கள். செங்குத்தாகப் போக முடியாத தூரத்தை மடித்து மடித்து மலையில் வைத்தார்கள்.

காற்றுக்கு மாடும் இல்லை வளைவும் இல்லை, பையன் இறங்கும் சரிவிலேயே அது ஏறுகிறது. மேற்குச் சமவெளியில் 29 பாகை சூட்டோடு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஈரம் நிறைந்து வரும் காற்று என்று ஒரு கணக்குப் போடுவோம். 100 மீற்றரிலிருந்து 700 மீற்றருக்கு ஏறுகையில் 6 பாகை இழந்து 23க்கு வருகிறது. இதற்குமேல் அவ்வளவு ஈரத்தை ஆவியாக வைத்திருக்க அந்தச் சூடு போதாது. ஆவி துளியாக ஒடுங்குகிறது. மேகத்தின் அடிப்பகுதி அங்கே தொடங்குகிறது. புசல்லாவை ஏற்றத்தில் வேன் திடீரென்று வெள்ளைக்குள் நுழைவது இந்தக் கோட்டைத் தாண்டுவதுதான்.

தண்ணீரை ஆவியாக்கச் சூடு கொடுக்க வேண்டும் என்று அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். ஆவி மறுபடி தண்ணீராகும்போது அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது என்பது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. மறை வெப்பம் என்பது இதுதான். ஒரு கிராம் ஆவி ஒடுங்கினால் கிட்டத்தட்ட 2,500 ஜூல் வெளியே வரும். அது ஏறிக்கொண்டிருக்கும் காற்றுக்கே போகிறது. ஆகவே மேகத்துக்குள் ஏறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு 10 பாகை குளிராமல், இங்குள்ள வெதுவெதுப்பான ஈரக் காற்றில், 4 பாகையளவே குளிர்கிறது. 700 மீற்றரிலிருந்து 1,900 மீற்றருக்கு ஏறி மலையுச்சியைத் தாண்டும்போது இன்னும் 5 பாகைதான் போயிருக்கும். 18 பாகை. வழியில் ஒவ்வொரு கிலோ காற்றும் சுமார் 3 கிராம் தண்ணீரை மழையாக விட்டுவிட்டது. இனி மறுபக்கம் இறங்குவது உலர்ந்த கணக்கில்: 1,900இலிருந்து 100 மீற்றர் வரை 1,800 மீற்றர் இறக்கம், 18 பாகை ஏற்றம். மகியங்கனைக்கு வந்து சேரும்போது 36.

29இல் புறப்பட்டது, 36இல் இறங்குகிறது. அந்த 7 பாகை இறம்பொடை மழை விட்டுச்சென்ற சூடு. தண்ணீர் மேற்குச் சரிவில் விழுந்துவிட்டது. அது ஆவியாக இருந்தபோது சுமந்துவந்த வெப்பம் மட்டும் காற்றோடு மலை தாண்டிப் போய்விட்டது.

எவ்வளவு வெப்பம் என்று ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரு சதுரக் கிலோமீற்றரில் ஒரே ஒரு மில்லிமீற்றர் மழை, அதாவது ஆயிரம் தொன் தண்ணீர். அது ஒடுங்கும்போது வெளிவருவது ஏறத்தாழ ஏழு இலட்சம் யூனிற் ஆற்றல். 201 மெகாவாட் கொத்மலை மின்நிலையம் மூன்றரை மணிநேரம் முழு மூச்சில் ஓடினால்தான் அவ்வளவு வரும். அதே ஆயிரம் தொன் தண்ணீரை 200 மீற்றர் உயரத்திலிருந்து சுழலியில் விழவிட்டால் கிடைப்பது 550 யூனிற்றுக்கும் குறைவு. மழையின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அணைகளால் பிடிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் மேகத்துக்குள்ளேயே கைமாறி, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் போய்விடுகிறது. அணை கட்டியவர்கள் மீது குறையில்லை, அந்தச் சூட்டைப் பிடிக்க யாரிடமும் பாத்திரம் இல்லை.

நுவரெலியாவில் அதிக நேரம் நிற்க வேண்டாம். 1,868 மீற்றர், மேலே நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றரில் முகிலுக்குள் இருக்கும், ஜூலையில் தலை தெரிவது அபூர்வம். ஆண்டுச் சராசரியில் கண்டி 24, 25 பாகை, நுவரெலியா 16. ஏறத்தாழ 1,370 மீற்றருக்கு 8, 9 பாகை. ஆயிரம் மீற்றருக்கென்று வகுத்தால், உலர்ந்த காற்றின் 10க்கும் நனைந்த காற்றின் 4க்கும் நடுவில், எதிர்பார்த்த இடத்தில்தான் நிற்கிறது. பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டுக் கிளம்பலாம். சீதா எலிய அம்மன் கோயில், அதற்கடுத்து ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. மலேரியா மருந்துக்குரிய சிங்கோனா மரம் வளர்க்க 1861இல் தொடங்கிய பூங்கா அது.

ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போது, இடம் பார்த்து வேனை ஓரங்கட்டித் திரும்பிப் பாருங்கள். இந்தப் பயணத்தில் நான் விரும்புகிற இடம் எதுவென்றால் இதுதான், அருவிகூட அப்புறம்தான். மலைமுகட்டின் மேல் வெள்ளை முகில் ஒன்று சுவர் வைத்தது போல நிற்கும். உங்கள் தலைக்கு மேலே நீல வானம். காற்று முகட்டிலிருந்து உங்களை நோக்கிப் பலமாக அடிக்கிறது, யூக்கலிப்டஸ் கிளைகள் கிழக்கே வளைகின்றன. முகில் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. இவ்வளவு காற்றில் அது எப்படி நிற்கிறது?

நிற்பது முகில் இல்லை, முகில் உண்டாகும் இடமும் கரையும் இடமும்தான். கண்ணை முகட்டின் கிழக்கு விளிம்பில் வைத்துச் சற்றுப் பொறுத்தால் தெரியும்: வெள்ளை இழைகள் விளிம்பிலிருந்து கீழே வழியும், சில பத்து மீற்றருக்குள் நைந்து காணாமல் போகும். பின்னால் புதிய இழை வந்து அதே இடத்தில் மறையும். காற்று இறங்குகிறது, அமுக்கம் கூடிச் சூடாகிறது, துளிகள் மறுபடி ஆவியாகின்றன. மழையாக விழாமல் எஞ்சிய துளிகள் இவை. ஆவியாவதற்குக் கொஞ்சம் சூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அதனாலும் மலைக்கு இந்தப் பக்கத் தரைக் காற்று கலந்துகொள்வதாலும், தாளில் போட்ட 36 நிஜத்தில் ஒன்றிரண்டு குறைந்து 34, 35 ஆகிறது.

இந்த மாதிரிக் காற்று ஆல்ப்ஸ் மலையில் ஃபோன் என்ற பெயரில் புகழ்பெற்றது. குளிர்காலத்தில் திடீரென்று வந்து பனியை உருக்கிவிட்டுப் போகும். அந்தச் சூடு சகாராப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்று சுவிட்சர்லாந்தில் பலர் நம்பியிருந்தார்கள். சூடு மலையிலேயே உண்டாகிறது என்று 1866இல் விளக்கியவர் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஹான். மழையும் மறை வெப்பமும் கொண்ட விளக்கம்தான் பிறகு பாடப்புத்தகங்களில் நிலைத்தது. ஆனால் அது முழு உண்மை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காற்றுக்கு வேகம் போதாத நேரங்களில் அடிவாரத்து ஈரக்காற்று மலையேறாமல் மேற்கிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது மறுபக்கம் இறங்குவது, முகட்டுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்த உலர்ந்த காற்று. இறம்பொடையில் ஒரு துளி விழாத நாளிலும் ஊவாவில் வெக்கை அடிக்கலாம். இரண்டு வழிகளும் கலந்துதான் நடக்கின்றன. எந்த நாளில் எது எவ்வளவு என்பதை, மலைக்கு இருபக்கமும் ஈரத்தையும் வெப்பத்தையும் உயரவாரியாக அளந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ஊவாத் தேயிலைக்காரர்களுக்கு இந்தக் காற்று சம்பாத்தியம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை உலர்ந்த காற்றில் செடி தவிக்கும், கொழுந்து குறையும், மணம் ஏறும். ஊவாத் தேயிலையின் அந்தத் தனி வாசனையில் மெதைல் சாலிசிலேற்று என்ற சேர்மத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வலித் தைலத்தைத் திறந்தால் மூக்கில் ஏறும் அதே பொருள்.

இனி வேனைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து பதுளை வழியாக மகியங்கனை வரை நிகர இறக்கம் சுமார் 1,750 மீற்றர். ஆளும் சுமையுமாக இரண்டரைத் தொன் வேன் ஒன்று அவ்வளவு இறங்கும்போது 12 யூனிற் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி நாலு சக்கரத்தின் இரும்பில் சூடாக இறங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட லீற்றர் தண்ணீர் கொதிக்கப் போதுமான சூடு. கருகல் வாடை வந்தால் பட்டைகள் பிடிமானத்தை இழக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் அதைவிட மோசம்: குமிழி நசுங்கும், மிதிபலகை தரை வரை போகும், சக்கரம் நிற்காது. மலையகத்துச் சாரதிகள் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள். எஞ்சின் காற்றை அமுக்கி, உரசி, சூட்டை ரேடியேற்றர் வழியாக வெளியே விட்டுவிடும். உயரத்தைச் சூடாக மாற்றிக்கொண்டு இறங்குவதில் வேனுக்கும் பக்கத்தில் இறங்கும் காற்றுக்கும் வித்தியாசமில்லை. காற்றுக்குப் பிரேக் கிடையாது, சூட்டைத் தானே வைத்துக்கொள்கிறது.

பதுளை 680 மீற்றர். அதற்கு அப்பால் 64 மீற்றர் துன்ஹிந்த அருவியின் பக்கமாக இறங்கும் வீதியில் ஜன்னலைத் திறந்தால் முகத்தில் உலை அடிக்கும். உச்சியில் முழுக்க ஈரம் நிறைந்திருந்த காற்று அடிவாரத்துக்கு வரும்போது 40 சொச்சம் விழுக்காடு ஈரப்பதத்துக்கு இறங்கியிருக்கும். மட்டக்களப்பு வரை இதைக் கச்சான் காற்று என்பார்கள். சிறுபோக நெல் முற்றும் பருவத்தில் உதட்டை வெடிக்கவைத்துக்கொண்டு வீசும்.

மகியங்கனையில் மகாவலிப் பாலத்தில் நின்றால் காலையில் பார்த்த மழையை மறுபடி சந்திக்கலாம், இந்தத் தரம் இரண்டு உருவத்தில். இறம்பொடையில் விழுந்த தண்ணீர் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய், மகாவலியில் சேர்ந்து, கம்பளை, பேராதனை, கண்டி என்று நாம் வந்த வழிக்கு எதிராகச் சுற்றிவந்திருக்கிறது. 1976இல் திறந்த பொல்கொல்லை அணையில் ஒரு பங்கு சுரங்க வழியாக வடக்கே பிரிந்துவிடுகிறது. மிச்சம் 122 மீற்றர் உயர விக்டோரியா அணையையும், ரந்தெனிகலை, ரந்தம்பை, மினிப்பே அணைகளையும் கடந்து இந்தப் பாலத்தின் கீழ் ஓடுகிறது, அல்லது வாய்க்கால்களில் வயலுக்குப் போகிறது. அந்த மழையின் சூடோ ஹக்கலை வழியாகக் குறுக்கே வந்து அதே வயல்மேல் வீசுகிறது. ஒன்று கொண்டுவந்து பாய்ச்சும் தண்ணீரை மற்றொன்று நெல்லின் இலையிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. சிறுபோகத்துக்கு இவ்வளவு தண்ணீர் ஏன் செலவாகிறது என்று கேட்கிற நகரவாசிகள் ஒரு ஜூலைப் பிற்பகல் இந்தப் பாலத்தில் நின்றுவிட்டுக் கேட்கலாம்.

ஹசலக்க தாண்டியதும் பதினெட்டு வளைவு. கொல்லிமலையின் எழுபதையும் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பதையும் கண்ட தமிழ்நாட்டுக்காரர்கள் எண்ணிக்கையில் மயங்க மாட்டார்கள். ஆனால் சமவெளி இவ்வளவு சீக்கிரம் காலடியில் விரிகிற ஏற்றங்கள் அதிகமில்லை. பகல் முழுக்கச் சூடேறிய எஞ்சினுக்கு இதுதான் சோதனை. பிற்பகலில் ஏசியை அணைத்துவிட்டு ஏறுவது உத்தமம். உடதும்பறை வரும்போது வெக்கை விட்டுவிடும். ஹுன்னஸ்கிரியவுக்கு வந்தால் வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் பழைய முகில் காத்திருக்கும். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறிய காடு அது. அதன் உச்சிகளில் காற்றடித்துக் குள்ளமாகிப்போன மரங்கள் மழையில்லாத நேரத்திலும் முகிலிலிருந்து ஈரத்தை இலையில் பிடித்துச் சொட்டவிடுகின்றன. பிறகு தெல்தெனிய, திகன, கண்டி. இறக்கம்தான், பிரேக் பாடம் இதற்கும் பொருந்தும்.

டிசம்பரில் போவதானால் இதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். அப்போது வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வரும். பதினெட்டு வளைவும் பதுளைப் பக்கமும் நனையும், இறம்பொடைப் பக்கம் காயத் தொடங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நுவரெலியா, திம்புலைத் தேயிலைக்கு நல்ல காலம் என்பது இதனால்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலும் கிழக்கே இருந்துதான் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள், இந்த வட்டத்தின் வீதிகளும் பல இடங்களில் அறுந்தன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுவதற்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை. 24 மணிநேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பென்றால் சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். 150 மில்லிமீற்றர் என்பது ஒரு சதுரக் கிலோமீற்றரில் ஒன்றரை இலட்சம் தொன் தண்ணீர். அது ஒடுங்கியபோது வெளியான வெப்பம் கொத்மலை மின்நிலையம் மூன்று வாரம் இடைவிடாமல் ஓடியதற்குச் சமம், அது காற்றோடு போய்விடும். தண்ணீரின் பாரம் சரிவிலேயே தங்குகிறது. மண்துகள்களின் இடுக்குகளில் நிறைந்து, அவற்றை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும் உராய்வைக் குறைக்கிறது. மழை விட்டு வெயிலடித்த பிறகும் மலை சரிவது இந்தத் தண்ணீரால்தான். ஆகவே எச்சரிக்கைப் பட்டியலைப் பார்க்கும்போது புறப்படும் காலையின் வானத்தை மட்டும் நம்பாமல், முந்தைய இரண்டு மூன்று நாளின் மழையையும் கேட்டுக்கொண்டு வேனை எடுங்கள்.